ஆஸ்கர், ஃபிளவர்ஹார்ன் தெரியும்... நம்ம ஊர் சிக்லிட் தெரியுமா?

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கம் வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர்களிடம் சிக்லிட் பற்றிக் கேட்டால், ஆஸ்கர், ஏஞ்சல், ஃபிளவர்ஹார்ன் என்று அடுக்குவார்கள். முதல் இரண்டும் தென் அமெரிக்க மீன்கள். மூன்றாவது, மனிதர்கள் உருவாக்கிய கலப்பினம். இதே குடும்பத்தில் நம்ம மண்ணுக்கே சொந்தமான 3 இனங்கள் இருப்பது பலருக்குத் தெரியாது.

அதில் ஒன்று, கேரளாவின் மாநில மீனான கரிமீன். முட்டுக்காட்டில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்தில் இதைக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். இன்னொன்று, 1795-லேயே பிளாக் என்ற ஜெர்மன் விஞ்ஞானி பெயர் சூட்டிய ஆரஞ்சு குரோமைடு. சுமார் 8 செ.மீ. தான் வளரும். வீட்டுத் தொட்டிக்குச் சரியான சைஸ். கடைத் தொட்டியில் பார்த்தால் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும், அதனாலேயே பலர் கண்டுக்காமல் போய்விடுகிறார்கள். இனப்பெருக்க நேரத்தில் பார்க்கணும், நிறம் அப்படியே பற்றிக்கொள்ளும்.

ஜோடி சேர்ப்பது எப்படி?

ஆண், பெண் கண்டுபிடிப்பது கஷ்டம். அதனால் 6 குஞ்சுகளாக வாங்கி ஒன்றாக வளர்த்தால், அதுவே ஜோடி சேர்ந்துகொள்ளும். பிறகு மற்றவற்றைப் பிரித்துவிடலாம். உவர்நீர், நன்னீர் இரண்டிலும் வாழும் மீன் என்பதால், நம்ம ஏரியா போர் தண்ணியின் கடினத்தன்மை இதற்குப் பெரிய பிரச்சினை இல்லை. குளோரின் கலந்த தண்ணீர் என்றால் மட்டும் அதை நீக்கிவிட்டு ஊற்றணும்.

உள்ளே ஒரு தட்டையான கல்லோ, கவிழ்த்த மண்தொட்டியோ போதும். சுமார் 200 முட்டைகள் வரை இடும். தாய், தந்தை இரண்டுமே காவல் நிற்கும், துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். இங்கேதான் பலர் அவசரப்பட்டு, குஞ்சுகளைத் தனித் தொட்டிக்கு மாற்றிவிடுகிறார்கள். ஆனால் இந்தக் குஞ்சுகள் பெற்றோரின் உடலில் ஊறும் சளியைக் கொத்தித் தின்பவை. கொஞ்ச நாள் கூடவே விடுவது நல்லது. அத்துடன் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியாவும் கொடுக்கலாம்.

குஞ்சு அதிகமாகிவிட்டால்?

ஏரியில் விடக்கூடாது. ‘டேங்க் கிளீனர்’ என்று வாங்கி, வளர்ந்ததும் ஏரியில் கொட்டப்பட்ட தென் அமெரிக்க சக்கர் மீன் இன்று சென்னை நீர்நிலைகளில் தானாகப் பெருகி, மீனவர்களின் வலையைக் கிழிக்கிறது. குரோமைடு உள்ளூர் மீன்தானே என்று கேட்கலாம். தொட்டியில் தொற்றிய நோய் அதோடு சேர்ந்து ஏரிக்குப் போகுமே! கடைக்காரரிடமோ, மீன் வளர்க்கும் நண்பர்களிடமோ கொடுத்துவிடுங்கள்.