தலைவலிக்கு ஒரு ஒர்க்‌ஷீட்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில், அதன் மீது எங்கள் வீட்டில் விழுந்த முதல் பழி என் தலைவலிதான். "எந்நேரமும் அதையே பார்த்துக் கொண்டிருந்தால் தலை வலிக்காமல் என்ன செய்யும்?" என்றார்கள். எனக்கும் அது சரி என்றே பட்டது. நெற்றிப் பொட்டில் ஒரு பக்கமாக வலி தெறிக்கும். வெளிச்சம் ஆகாது. சத்தம் ஆகாது. குமட்டிக் கொண்டு வரும். அறையை இருட்டாக்கிப் படுத்தால் அன்றைய பொழுது போய்விடும். இதுதான் மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலி. மருந்து எடுக்காவிட்டால் 4 மணி முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கக் கூடியது.

கம்ப்யூட்டரை விற்றுவிடலாமா என்று கூட யோசித்தேன். கடைசியில் பழி சுமந்த அந்தக் கம்ப்யூட்டர்தான் எனக்கு வழி காட்டியது. எப்படி என்று இங்கு சொல்கிறேன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இதில் ஒர்க்‌ஷீட் பழகும் பயனும் உண்டு.

முதலில் திரை: என் மானிட்டர் ஜன்னலுக்கு எதிரே இருந்தது. வெயில் திரையில் பட்டுக் கண்ணில் அடித்தது. மேஜையைத் திருப்பி, ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி வைத்தேன். திரையின் வெளிச்சத்தை அறையின் வெளிச்சத்திற்கு ஏற்பக் குறைத்தேன். விண்டோஸ் 11 வைத்திருப்பவர்கள் விண்டோஸ் கீயுடன் ஐ கீயை அழுத்தினால் செட்டிங்ஸ் விண்டோ கிடைக்கும். அதில் சிஸ்டம், அடுத்து டிஸ்ப்ளே தேர்ந்தெடுத்தால் நைட் லைட் என்ற வசதி இருக்கும். இதனை இயக்கினால் திரையின் நீல ஒளி குறைந்து மஞ்சள் சாயல் வரும். எழுத்து சிறியதாக இருந்தால் அக்ஸஸிபிலிட்டி பிரிவில் டெக்ஸ்ட் சைஸ் சென்று பெரிதாக்கவும். 20 நிமிடத்திற்கு ஒரு முறை, 20 அடி தொலைவில் உள்ள ஒரு பொருளை 20 விநாடி பார்க்கவும்.

இவற்றால் கண் எரிச்சலும் கழுத்து வலியும் குறைந்தன. ஆனால் ஒற்றைத் தலைவலி போகவில்லை. அப்போதுதான் சந்தேகம் வந்தது. குற்றவாளி உண்மையில் கம்ப்யூட்டர்தானா?

ஒர்க்‌ஷீட் தயாரித்தல்: எக்ஸெல் புரோகிராமில் புதிய ஒர்க்‌ஷீட் ஒன்றைத் திறந்தேன். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பின் கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். முதல் படுக்கை வரிசையில் தேதி, கிழமை, வலி, மாத்திரை, கம்ப்யூட்டர் நேரம், தூக்கம், குறிப்பு என ஏழு தலைப்புகளை டைப் செய்தேன்.

தேதியை டைப் செய்யத் தேவையில்லை. கண்ட்ரோல் கீயை அழுத்திக் கொண்டு செமிகோலன் கீயை அழுத்தினால் அன்றைய தேதி தானாக வந்து அமரும். கிழமைக்கு, முதல் செல்லில் சண்டே, மண்டே என அன்றைய நாளை ஆங்கிலத்தில் டைப் செய்யவும். செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய கட்டத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற நாட்கள் வரிசையாக நிரம்பிவிடும்.

வலி என்ற இடத்தில் 0 முதல் 10 வரை ஓர் எண் தரவும். 0 என்றால் வலி இல்லை, 10 என்றால் தாங்க முடியாத வலி. மாத்திரை என்ற இடத்தில் எத்தனை போட்டீர்கள் என்ற எண்ணை மட்டும் தரவும். மாத்திரை போடாத நாளில் 0 கூட டைப் செய்யாமல் காலியாக விடவும். இதற்குக் காரணம் பின்னால் புரியும். குறிப்பில், சாப்பாடு தவறியது, வெயிலில் அலைந்தது, காபி குடிக்காதது, பெண்கள் என்றால் மாதவிலக்கு நாள் ஆகியவற்றை எழுதவும். இரவு படுக்கும் முன் இரண்டு நிமிடம் போதும். வலிக்கும் நாளில் திரையைப் பார்க்க வேண்டாம். ஒரு தாளில் குறித்து வைத்து மறுநாள் ஏற்றிக் கொள்ளலாம்.

கணக்கு சொன்ன உண்மை: மாத இறுதியில் மாத்திரை நெட்டு வரிசையில் உள்ள செல்களை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்தேன். எக்ஸெல் விண்டோவின் அடிப்பக்கம் உள்ள ஸ்டேட்டஸ் பாரில் ஆவரேஜ், கவுன்ட், சம் என மூன்று விடைகள் தோன்றின. சம் என்பது மொத்த மாத்திரைகள். கவுன்ட் என்பது மாத்திரை போட்ட நாட்கள். 0 டைப் செய்திருந்தால் அந்த நாளும் எண்ணிக்கையில் சேர்ந்து கணக்கு தவறியிருக்கும். (கால்க் புரோகிராமில் கவுன்ட் தெரியாவிட்டால் ஸ்டேட்டஸ் பாரில் ரைட் கிளிக் செய்து அதைத் தேர்ந்தெடுக்கவும்.)

விடையைப் பார்த்துத் திடுக்கிட்டேன். மாதத்தில் ஆறேழு நாள்தான் மாத்திரை போடுகிறேன் என்று யார் கேட்டாலும் சொல்லி வந்தேன். ஒர்க்‌ஷீட் 17 நாட்கள் என்றது. மொத்தம் 26 மாத்திரைகள். மெடிக்கல் ஷாப்பில் நானாகக் கேட்டு வாங்கியவை. தலை வலித்த நாட்கள் 19. அதில் 7 நாட்கள் நான் கம்ப்யூட்டரை ஆன் செய்யவே இல்லை. இன்னொன்றும் தெரிந்தது. நான்கு ஞாயிற்றுக் கிழமைகளிலும் கடும் வலி. அன்றுதான் தாமதமாக எழுந்து, காபியைத் தள்ளிப் போட்டு, காலை உணவையும் விட்டிருக்கிறேன்.

மருத்துவர் சொன்னது: ஒர்க்‌ஷீட்டை பிரிண்ட் எடுத்து நரம்பியல் மருத்துவரிடம் கொண்டு போனேன். அவர் நேராக மாத்திரை வரிசையைத்தான் பார்த்தார். ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் வலி மாத்திரையை அடிக்கடி போட்டால், அந்த மாத்திரையே தலைவலியை வரவழைக்கும் என்றார். சாதாரண பாரசிட்டமால் போன்றவற்றை மாதத்தில் 15 நாட்களுக்கும், காபீன் முதலியன கலந்த கூட்டு மாத்திரைகளையும் டிரிப்டான் வகை மருந்துகளையும் 10 நாட்களுக்கும் எட்ட விட்டு, மூன்று மாதத்திற்கு மேல் தொடர்ந்தால் இந்த ஆபத்து உண்டு. நான் போட்டதோ காபீன் கலந்த மாத்திரை. வலிக்கு மாத்திரை, மாத்திரையால் வலி என்று சுற்றிக் கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லி, தினமும் இரவில் போட ஒரு தடுப்பு மருந்து எழுதினார். தடுப்பு மருந்தின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்றும், வலி வந்தால் தான் தரும் மருந்தைத் தொடக்கத்திலேயே, ஆனால் வாரத்தில் இரண்டு நாட்களுக்கு மேல் போகாமல் போட வேண்டும் என்றும் சொன்னார். தூக்கமும் சாப்பாடும் ஞாயிறன்றும் நேரம் தவறக் கூடாது. முதல் பத்து நாட்கள் வலி முன்பை விட அதிகமாகவே இருந்தது. விட்டுவிடலாம் என்றே தோன்றியது. மூன்றாவது மாதக் கணக்கில் வலித்த நாட்கள் 8, மாத்திரை போட்ட நாட்கள் 6. வலி முற்றிலும் போகவில்லை. ஆனால் மாதத்தில் 11 நாட்கள் எனக்குத் திரும்பக் கிடைத்தன.

கவனிக்க வேண்டியவை: என் மருந்து உங்களுக்குப் பொருந்தும் என்று எண்ண வேண்டாம். நீண்ட நாள் போட்டு வரும் மாத்திரையை நீங்களாகவே திடீரென நிறுத்தவும் வேண்டாம். சிலவற்றை மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும். இண்டர்நெட்டில் தேடி, மூளைக் கட்டியோ என்று நான் ஒரு இரவு முழுக்கத் தூங்காமல் கிடந்தேன். அந்தத் தவறையும் செய்யாதீர்கள். அதே சமயம், இதுவரை இல்லாத கடும் வலி நொடியில் தாக்கினாலோ, காய்ச்சலுடன் கழுத்து விறைத்தாலோ, கை கால் தளர்ந்து பேச்சு குழறினாலோ, தலையில் அடிபட்ட பின் வலி வந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 50 வயதுக்கு மேல் முதல் முறையாகத் தலைவலி தொடங்கினாலும் மருத்துவரைப் பார்க்கத் தாமதிக்காதீர்கள்.

மருத்துவர் "மாதத்தில் எத்தனை நாள்?" என்று கேட்கும்போது நம் நினைவு குறைத்தே சொல்கிறது. ஒர்க்‌ஷீட் உள்ளதைச் சொல்கிறது. இன்று இரவே ஒரு பைலைத் திறந்து முதல் வரியை டைப் செய்யுங்கள். சேவ் செய்ய மறந்துவிடாதீர்கள்.