தண்ணீரின் அசைவை அறிந்த பழங்கால உயிர்

மூதூர்ப் பக்கம், 2006இல் இடம்பெயர்ந்து பல ஆண்டுகளின் பின் மீளக் குடியேறிய ஊரொன்றுக்கு மகளிர் குழுக் கூட்டத்துக்காகச் சென்றிருந்தேன். கூட்டம் முடிந்ததும் இளந்தாய் ஒருவர் தயங்கியபடி என்னிடம் வந்தார்.

“அக்கா, குளத்தில வாற்பேத்தையைப் பிடிக்கப் போனால், கை கிட்டப் போக முதலே ஓடுது. அதுக்கு எப்பிடித் தெரியும் எண்டு மகள் கேக்கிறாள். இடம்பெயர்ந்ததோட என்ர படிப்பு அஞ்சாம் வகுப்பில நிண்டுட்டுது. நான் என்னத்தைச் சொல்ல?”

“பாரை மீன் அரிஞ்சிருக்கிறீங்கள்தானே? வால் பக்கமாகச் சொரசொரவென்று ஒரு கோடு ஓடுமே?” என்று கேட்டேன்.

“ஓம், அதைச் சீவித்தான் எடுப்பம்.”

அதுதான் பக்கக்கோடு. அதிலுள்ள நுண்ணிய உணர்கலங்கள் தண்ணீரின் சிறு அசைவையும் மீனுக்கு அறிவிக்கின்றன. வாற்பேத்தைக்கும் இத்தகைய உணர்கலங்கள் உண்டு. தரைக்கு ஏறும் தவளைகளில் பெரும்பாலானவை அவற்றை இழந்துவிடுகின்றன.

ஆனால், வளர்ந்த பின்னும் அவற்றை இழக்காத ஈரூடகவாழிகள் முன்பு இருந்தன. இந்தியாவின் தெலங்கானாவில், பிராணஹிதா-கோதாவரிப் பள்ளத்தாக்கின் மாலேரிப் பாறைகளில் அப்படியொன்றின் உயிர்ச்சுவடுகள் கிடைத்தன. அது வாழ்ந்தது 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு. அன்று இலங்கையும் இந்தியாவும் ஒரே பெருநிலமாக இணைந்திருந்தன. 1965இல் ராய் சௌத்ரி என்பவர் அதை விவரித்தார். 2018இல் சஞ்சுக்தா சக்ரவர்த்தி என்ற பெண் ஆய்வாளரும் துர்ஜதி செங்குப்தாவும் அதற்குப் ‘பந்தாசோரஸ்’ என்று புதுப் பெயர் சூட்டினர்.

அதன் தலை அகன்று தட்டையானது. கண்கள் மூக்குப் பக்கமாக முன்தள்ளி இருந்தன. கால்களோ சிறியவை. தலையோட்டின் மேல் சிறு வாய்க்கால்கள் போன்ற பள்ளங்கள் ஓடுகின்றன. பக்கக்கோட்டின் உணர்கலங்கள் இருந்த தடம் அது. வளர்ந்த விலங்கிலும் அத்தடம் இருப்பதால், அது வாழ்நாளின் பெரும்பகுதியை ஆற்றிலும் குளத்திலும் கழித்தது என அறிகிறோம். அடியில் அசையாது கிடந்து, கிட்ட வரும் மீனைக் கவ்வியிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

தண்ணீரை நம்பிய வாழ்வில் ஆபத்தும் இருந்தது. போர்த்துக்கலில் இதன் உறவினங்களின் எலும்புகள் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தன. ஏரி வற்றியபோது அவை கூட்டமாக மடிந்திருக்கலாம் எனக் கருதுகின்றனர்.

அடுத்த மாதம் அந்தத் தாயைக் கண்டேன். பாரையின் கோட்டை மகளின் விரலால் தடவச் செய்து, தானே விளக்கினாராம். “பள்ளிக்கூடத்தில போய், ‘அம்மாதான் சொல்லித் தந்தவ’ எண்டு சொன்னவளாம், அக்கா” என்றார்.

சகோதரிகளே, படிப்பு இடையில் நின்றாலும் நம் கைகள் அறிந்தவை பல. பிள்ளை கேட்கும்போது, அங்கிருந்தே தொடங்குவோம்.