ஊராட்சி வரைக்கும் ஃபைபர் வந்தாச்சு... உங்க வீட்டுக்கு வருமா? கம்பம் பள்ளத்தாக்கில் இணைப்பு எடுக்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை!

ஊராட்சி அலுவலகத்திலோ, கிராம சேவை மையத்திலோ ஒரு இரும்புப் பெட்டி இருக்கும். உள்ளே பேட்டரி, சின்னச் சின்ன விளக்குகள், மஞ்சள் நிற ஒயர்கள். "நம்ம ஊருக்கு ஃபைபர் வந்தாச்சு" என்று சொல்வது இதை வைத்துத்தான். ஆனால் அந்தப் பெட்டியில் இருந்து 300 மீட்டர் தள்ளி இருக்கும் வீட்டில், போட்டித் தேர்வுக்கு விண்ணப்பம் போட ஒரு பெண் மொட்டை மாடிக்குப் போய் சிக்னல் தேடிக்கொண்டிருப்பார். ஏன் இப்படி?

காரணம் சிம்பிள். ஊராட்சிக்கு வரும் ஃபைபர் வேறு, வீட்டுக்கு வரும் ஃபைபர் வேறு. முதலாவது அரசுத் திட்டம். இரண்டாவது பெரும்பாலும் உங்க ஊர் கேபிள்காரர் கையில். இந்த வித்தியாசம் புரிஞ்சா, யாரிடம் என்ன கேட்கணும் என்பதும் புரிஞ்சுடும்.

ஊராட்சிக்கு வந்தது என்ன?

நாடு முழுக்க சுமார் 2.5 லட்சம் கிராம ஊராட்சிகளை கண்ணாடி இழை கேபிளில் இணைக்க 2011-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த திட்டம்தான் இன்று பாரத்நெட் என்ற பெயரில் இருக்கிறது. இதற்கான பணம் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் இருந்து எடுக்கப்படும் 5 சதவீத நிதியில் இருந்து வருகிறது. அதாவது நீங்க போடுற ரீசார்ஜில் ஒரு பங்கு இதற்குள் இருக்கு!

தமிழ்நாட்டில் இந்த வேலையைச் செய்ய 2018-ல் டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. 12,525 ஊராட்சிகள் இலக்கு. ஆனால் முதலில் விட்ட டெண்டரின் நிபந்தனைகள் மீது புகார் எழுந்து, மறு டெண்டர் விடும்படி 2020 ஜூனில் மத்திய அரசு சொல்லிவிட்டது. கடைசியில் சுமார் ரூ.1,815 கோடி மதிப்பில், 2022 ஜூனில்தான் கன்னியாகுமரி மாவட்டத்தில் பணி தொடங்கியது. கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காகப் பிள்ளைகள் மரத்தடியிலும் பாறையிலும் உட்கார்ந்திருந்த இரண்டு வருடமும் இந்த இடைவெளிக்குள்தான் போச்சு.

மாநிலத்தை 4 பகுதிகளாகப் பிரித்ததில், மதுரை, திண்டுக்கல், விருதுநகர் உள்ளிட்ட தென் மாவட்டங்களோடு தேனியும் ஒரே பகுதியில் வருகிறது. தேனி மாவட்டத்தில் 8 ஒன்றியங்கள், 130 ஊராட்சிகள். கேபிளில் சுமார் 85 சதவீதம் மின்கம்பங்கள் மேலேயே போகும்படிதான் திட்டம். மிச்சம்தான் மண்ணுக்கு அடியில்.

இங்கேதான் ஒரு குழப்பம்

பாரத்நெட் கிராம ஊராட்சிகளுக்கான திட்டம். பேரூராட்சிக்கு இல்லை. கம்பம் பள்ளத்தாக்கில் இது பெரிய விஷயம். பார்க்க கிராமம் மாதிரியே இருந்தாலும் காமயகவுண்டன்பட்டி, கோம்பை, தேவாரம், பண்ணைப்புரம், அனுமந்தன்பட்டி, ஓடைப்பட்டி, குச்சனூர் எல்லாம் பேரூராட்சிகள். மாவட்டத்தில் மொத்தம் 22 பேரூராட்சிகள் இருக்கு.

கே.கே.பட்டிக்காரர் "எங்க ஊருக்கு எப்போ அரசு ஃபைபர்?" என்று கேட்டால், அவர் ஊர் அந்தப் பட்டியலிலேயே இல்லை. பக்கத்தில் இருக்கும் நாராயணத்தேவன்பட்டியும் சுருளிப்பட்டியும் ஊராட்சிகள், அவை உண்டு. ஆனால் நடைமுறையில் பேரூராட்சிக்காரருக்கு இதில் பெரிய நஷ்டம் இல்லை. ஒரே இடத்தில் நெருக்கமாக வீடுகள் இருப்பதால் தனியார் நிறுவனங்கள் முதலில் வருவது அங்கேதான். தள்ளித் தள்ளி இருக்கும் தோட்ட வீடுகளும், வருசநாடு பக்கத்து சிற்றூர்களும்தான் அரசுக் கேபிளையே நம்பி இருக்க வேண்டியவை.

வீட்டுக்கு கொடுப்பது யார்?

கிராமத்தில் மூன்று வழி உண்டு. ஒன்று பிஎஸ்என்எல். இதுவும் பல ஊர்களில் உள்ளூர் பங்குதாரர் மூலமாகத்தான் வீட்டுக்கு வருகிறது. இரண்டாவது பெரிய தனியார் நிறுவனங்கள். மூன்றாவது, ஏற்கெனவே டிவி கேபிள் கொடுத்துக்கொண்டிருப்பவர் ஏதாவது ஒரு இணைய நிறுவனத்தின் இணைப்பை வாங்கி விற்பது.

மூன்றாவது வழியைக் கேவலமாக நினைக்க வேண்டாம். ஒயர் அறுந்தா சாயங்காலத்துக்குள்ள ஏணியோட வந்து நிற்பது அவர்தான். எங்கோ இருக்கும் கால் சென்டரை விட, டீக்கடையில் பார்த்துக் கேட்கக்கூடிய ஆள் கிராமத்தில் பெரிய பலம்.

ஆனால் ஒரு விஷயத்தில் விட்டுக் கொடுக்காதீங்க. இணைப்பு உங்க பெயரில் இருக்கணும், உரிமம் பெற்ற இணைய நிறுவனத்தின் பெயர் பில்லில் இருக்கணும். "மாசம் 500 கையில கொடுங்க, ரசீதெல்லாம் எதுக்கு அண்ணே" என்றால் உஷார். ரசீது இல்லை என்றால், நாளைக்கு பிரச்சினை வரும்போது நீங்க வாடிக்கையாளர் என்பதையே நிரூபிக்க முடியாது. அடையாள ஆவணம் கேட்காமல் இணைப்பு கொடுத்தாலும் அதே சந்தேகம் வரணும்.

ஒயருக்குள்ள ஓடுறது வெளிச்சம்!

ஃபைபரில் மின்சாரம் ஓடாது. முடி கனத்துக்கு ஒரு கண்ணாடி இழை, அதற்குள் கண்ணுக்குத் தெரியாத லேசர் வெளிச்சம். செம்புக் கம்பியே கிடையாது. செம்பு இருக்கும் என்று நினைத்துக் கேபிளை வெட்டிப் போனவர்களுக்காக, 'இதில் உலோகம் எதுவும் இல்லை, விற்றாலும் காசு வராது' என்று மாவட்ட நிர்வாகங்கள் அறிக்கை விட வேண்டியிருந்தது தனிக் கதை.

ஆபரேட்டர் இடத்தில் இருந்து கிளம்பும் ஒரு இழை, வழியில் சின்னச் சின்ன பெட்டிகளில் பிரிந்து பிரிந்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் போகும். இரண்டாகப் பிரித்தால் வெளிச்சம் பாதி. எட்டாகப் பிரித்தால் எட்டில் ஒரு பங்கு. இதோடு ஒவ்வொரு ஒட்டிலும், ஒவ்வொரு மடிப்பிலும் இன்னும் கொஞ்சம் குறையும். மிச்சம் எவ்வளவு வெளிச்சம் உங்க மோடத்துக்கு வந்து சேருது என்பதில்தான் எல்லாமே இருக்கு.

அதை அளக்க இணைப்பு கொடுக்க வருபவரிடம் கைக்குள் அடங்கும் ஒரு மீட்டர் இருக்கும். "பவர் எவ்வளவு வருதுண்ணே?" என்று கேளுங்க. மைனஸ் போட்டு ஒரு எண் காட்டும், டிபிஎம் என்பார்கள். மைனஸுக்குப் பின்னால் எண் பெரிதாக ஆக, வெளிச்சம் குறைவு என்று அர்த்தம். மைனஸ் 15-ல் இருந்து மைனஸ் 24 வரை இருந்தால் நிம்மதி. மைனஸ் 25, 26 என்றால் இன்னைக்கு ஓடும், கேபிளில் ஒரு மடிப்பு விழுந்தாலே படுத்துடும். மைனஸ் 27-ஐத் தாண்டினால் விட்டு விட்டுத்தான் வரும்.

அந்த எண்ணை ஒரு பேப்பரில் தேதியோடு எழுதி மோடத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்க. ஆறு மாசம் கழித்து நெட் தகராறு பண்ணும்போது, "மாட்டும்போது 19 இருந்துச்சு, இப்ப 26 காட்டுது" என்று சொல்ல முடிந்தால் "உங்க மொபைல்ல பிரச்சினை" என்ற பதில் வராது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்க.

மோடத்தில் எல்ஓஎஸ் என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் வெளிச்சமே வரவில்லை என்று பொருள். மோடத்தை எத்தனை தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாலும் பிரயோஜனம் இல்லை, நேரே புகார்தான். கழற்றிய ஒயரின் முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கவே கூடாது. லேசர் தெரியாது, ஆனால் இருக்கும்.

காற்று, தென்னை மட்டை, வைக்கோல் வண்டி

கணவாய் வழியாக ஜூனில் இருந்து செப்டம்பர் வரை அடிக்கும் காற்றை நம்பித்தான் தேனி, ஆண்டிபட்டி பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. அதே காற்றில்தான் கம்பத்துக்குக் கம்பம் கேபிளும் தொங்குது. ஆடி மாசத்தில் நெட் அடிக்கடி போகுது என்றால் ஆச்சரியம் இல்லை. தோப்புக்குள் போகும் கேபிளில் தென்னை மட்டை விழும். தெருவைக் குறுக்கே கடக்கும் கேபிள் தாழ்ந்திருந்தால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் இழுத்துக்கொண்டு போகும். மலை அடிவாரத்தில் குரங்குகள் வேறு.

அதனால் வீட்டுக்கு கேபிள் இழுக்கும்போது கூடவே நில்லுங்க. எந்தப் பக்கமாக வருது, வண்டி போற உயரத்துக்கு மேல இருக்கா என்று பாருங்க. ஜன்னல் இடுக்கில் நசுக்கி உள்ளே கொண்டு வருவதும், மிச்ச ஒயரை இறுக்கிச் சுருட்டி ஆணியில் மாட்டுவதும் இழைக்கு எமன். உள்ளங்கை அகலத்துக்கு வளையமாகச் சுருட்டினால் போதும். தோட்ட வீடு என்றால் எத்தனை மீட்டர் வரை இலவசம், அதற்கு மேல் மீட்டருக்கு எவ்வளவு என்பதை முன்கூட்டியே பேசி எழுதி வாங்குங்க. சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான்.

அறுந்து கீழே கிடக்கும் கேபிளைத் தொடாதீங்க. ஃபைபரில் கரண்ட் வராது என்பது உண்மை. ஆனால் சில கேபிள்களில் தாங்குவதற்காக இரும்புக் கம்பி ஓடும், அது மேலே மின்கம்பியில் உரசிக்கொண்டிருக்கலாம். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லிவிட்டு ஆபரேட்டரைக் கூப்பிடுங்க.

கரண்ட் போனால் நெட்டும் போகுமா?

போகும். மோடம் 12 வோல்ட்டில் ஓடும் சின்னப் பெட்டி. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் லைனில் இருக்கும் பிளக்கில் மாட்டினால் வேலை முடிஞ்சது. இல்லாவிட்டால் மோடத்துக்கென்றே விற்கும் மினி யுபிஎஸ் வாங்கலாம், சில மணி நேரம் தாங்கும். வாங்குவதற்கு முன் ஆபரேட்டரிடம் ஒரு கேள்வி: "உங்க பக்கம் பேட்டரி எத்தனை மணி நேரம் நிக்கும்?" அவர் பெட்டி அணைந்துவிட்டால் உங்க வீட்டு யுபிஎஸ் விளக்கு எரிவதை வேடிக்கை பார்க்கத்தான் உதவும். வீட்டில் இருந்து ஐடி வேலை பார்க்கும் பிள்ளைகள் இருந்தால் இந்தக் கேள்வி கட்டாயம்.

499 என்றால் 499 இல்லை!

விளம்பரத்தில் போடும் விலையில் பெரும்பாலும் ஜிஎஸ்டி சேராது. 18 சதவீதம் சேர்த்தால் 499 ரூபாய் பிளான் 588 ரூபாய் 82 காசு. மோடத்துக்கு டெபாசிட்டா, வாடகையா, சொந்தமா, இணைப்பை விட்டால் டெபாசிட் திரும்ப வருமா என்பதையும் கேளுங்க.

'அன்லிமிடெட்' என்பதற்கும் எல்லை உண்டு. பல பிளான்களில் மாசத்துக்கு 3,300 ஜிபி, அதற்கு மேல் வேகம் குறையும். சாதாரண வீட்டுக்கு இது தாராளம், கவலை வேண்டாம்.

வேகக் கணக்கில்தான் பலர் ஏமாந்த மாதிரி உணர்கிறார்கள். 40 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 40 எம்பி இறங்காது. எட்டால் வகுக்கணும், 5 எம்பிதான். 1 ஜிபி படம் இறங்க மூன்று நிமிஷத்துக்கு மேல் ஆகும். அது திருட்டு இல்லை, கணக்கு. ஆனால் காலையில் 40 காட்டி, ராத்திரி 9 மணிக்கு தினமும் 6 காட்டினால், ஆபரேட்டர் மேலிருந்து வாங்கும் அளவை விட அதிகமான வீடுகளுக்கு விற்றிருக்கிறார் என்று சந்தேகப்படலாம். அதனால் இணைப்பு எடுப்பதற்கு முன், அவரிடம் ஏற்கெனவே எடுத்திருக்கும் பக்கத்து வீட்டுக்கு ராத்திரி 9 மணிக்குப் போய் ஒரு ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பாருங்க. விளம்பர நோட்டீஸை விட அது நம்பகமானது.

மோடத்தைத் தொட்டி மாதிரி மூலையில் வைக்காமல் வீட்டின் நடுவில் வையுங்க. 5 ஜி என்ற பெயரோடு வரும் வைஃபை வேகமானது, ஆனால் பழைய வீட்டுக் கனத்த சுவரைத் தாண்டாது. அடுத்த அறைக்கு மற்றதுதான். வைஃபை பாஸ்வேர்டைத் தெருவுக்கே கொடுக்காதீங்க. அந்த இணைப்பில் யார் என்ன செய்தாலும் முதலில் விசாரணைக்கு வருவது உங்க பெயர்தான்.

நாலு நாளா நெட் இல்லை... யாரிடம் போவது?

உள்ளூர்க்காரரிடம் வாயால் சொன்னால் மட்டும் போதாது. பில்லில் இருக்கும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில் புகார் போட்டு, புகார் எண்ணை வாங்குங்க. தீர்வு வராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், கட்டணம் இல்லை, 39 நாளுக்குள் முடிவு சொல்லணும். டிராய் அமைப்புக்கு நேரே எழுதுவதில் பலன் குறைவு, தனிநபர் புகார்களை அது விசாரிப்பதில்லை.

அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கடைசி வழி தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்பு சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையத்தை நாடலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ரூ.5 லட்சம் வரையிலான வழக்குக்கு கட்டணம் கிடையாது. கையில் இருக்க வேண்டியவை: உங்க பெயரில் பில், புகார் எண், தேதி போட்ட ஸ்பீடு டெஸ்ட் படங்கள், மோடம் பக்கத்தில் ஒட்டி வைத்த அந்த டிபிஎம் பேப்பர்.