நூலாய் நீளும் நாற்றும் கிழக்கு யன்னலும்

கொழும்பு கிருலப்பனைத் தொடர்மாடிகளில் யோகட் கப்பில் தக்காளி விதை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2022 பொருளாதார நெருக்கடியில், வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுக்க அமைச்சரவை முடிவெடுத்தது. அப்போது தொட்ட பழக்கத்தைச் சிலர் இன்னும் விடவில்லை. விதை முளைத்ததும் சந்தோஷம். ஒரு கிழமை கழித்துப் பார்த்தால் தண்டு நூல் மாதிரி நீண்டு வெளிறி, இரண்டு வித்திலைகளும் கண்ணாடிப் பக்கம் சரிந்து கிடக்கும். தண்ணீர் தெளித்தாலே படுத்துவிடும். “பசளை காணாது” என்று யூரியாவைத் தேடுவார்கள். யூரியா அந்தத் தண்டை இன்னும் நீட்டிவிடும். காணாமல் இருப்பது வெளிச்சம்தான்.

வெளிச்சத்தை அளக்க நாற்றிடம் பைற்றோகுரோம் என்றொரு புரதம் இருக்கிறது. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த போர்த்விக், ஹென்றிக்ஸ் குழுவினர் 1952இல் சலாது விதைகளில் அதன் தடத்தைக் கண்டார்கள். சிவப்பு ஒளி பட்டால் விதை முளைத்தது. அதன்பின் தொலைசிவப்பு ஒளி பட்டால் முளைப்பு நின்றது. நல்ல வெயிலில் இந்தப் புரதம் விழித்திருந்து தண்டின் நீட்சியை அடக்கும். நிழலில் அதன் பிடி தளரும், தண்டு எழும்பும். பற்றைக்குள் முளைத்த கன்றுக்கு அது உயிர் காக்கும் வித்தை. அறைக்குள் எவ்வளவு நீண்டாலும் மேலே வெயில் இல்லை, விதையின் கையிருப்பு கரைவதுதான் மிச்சம். இதே புரதம் வெப்பத்தையும் உணர்கிறது என்று 2016இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் காட்டின. இரவு சூடாக இருந்தால் அது சீக்கிரமே செயலிழக்கும். கொழும்பு இரவுகள் பெரும்பாலும் சூடானவை. ஆகவே எங்கள் நாற்றுக்கு இரட்டைத் தள்ளு.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் உறவினர்கள் “தெற்கு யன்னலில் வை” என்பார்கள். அவர்களுக்கு அது சரி. அங்கே நண்பகல் சூரியன் வருஷம் முழுக்கத் தெற்கு வானில் நிற்கிறது. கொழும்பு இருப்பதோ வடக்கே ஏறத்தாழ 7 பாகையில். ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் சூரியன் நேர் உச்சம் கொடுக்கிறது. இடைப்பட்ட மாதங்களில் வடக்கே சாய்கிறது. மத்தியான வெயிலெல்லாம் கூரைக்குத்தான். டிசம்பரை அண்டி மட்டுமே தெற்கு யன்னலுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். சூரியன் தாழ்ந்து நிற்கும் காலையில் வெயில் நேராக உள்ளே வருவது கிழக்கு யன்னலில். எங்கள் ஊருக்கு அதுதான் நாற்று யன்னல்.

எதிரே இன்னொரு மாடிக் கட்டடம் மறைத்தால் பல்கனிக்கோ மொட்டைமாடிக்கோ கொண்டுபோங்கள். வெளியே நண்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரும். அறை நடுவில் சில நூறுதான். கண்மணி விரிந்து ஈடுகட்டுவதால் எங்களுக்கு அந்த வித்தியாசம் தெரிவதில்லை. வேறு வழியே இல்லையென்றால் சாதாரண வெள்ளை எல்.ஈ.டி. குழல் விளக்கை நாற்றுக்கு அரை அடி மேலே தொங்கவிட்டு, நாளுக்கு 14 மணித்தியாலம் எரியவிடலாம்.

நீண்டுபோன தக்காளி நாற்றை எறியாதீர்கள், அதைப் பெரும்பாலும் காப்பாற்றலாம். தண்டிலிருந்தே வேர்விடும் குணம் அதற்கு உண்டு. வித்திலைகளுக்கு மேலே முதல் உண்மை இலைகள் விரிந்ததும், தும்புச்சோறும் கூட்டெருவும் கலந்த, அடியில் துளையிட்ட கப்புக்கு மாற்றுங்கள். ஐஸ்கிறீம் குச்சியால் வேரோடு நெம்பி, வித்திலையில் பிடித்துத் தூக்க வேண்டும். இலை கிழிந்தால் வேறு இலை வரும். தண்டு நசிந்தால் கன்று போச்சு. வித்திலைக்குச் சற்றுக் கீழ்வரை புதையுங்கள். தண்டு மிகவும் நீளமென்றால் சரித்துப் படுக்கவைத்து மூடலாம். தண்ணீரை அளந்து விடுங்கள். சொதசொதவென்று இருந்தால் மண்மட்டத்தில் தண்டு அவிந்ததுபோல் கறுத்துச் சாயும் நாற்றழுகல் வரும், அதற்குப் பிறகு வைத்தியம் இல்லை.

புதிதாக நட்டதை நேரே உச்சி வெயிலில் வைக்கக் கூடாது. நிழலில் விரிந்த இலை மெல்லியது, வெளுத்துக் கருகும். முதலில் நிழல், பிறகு காலை வெயில் ஒரு மணித்தியாலம், அப்படியே நாளுக்கு நாள் கூட்டுங்கள். காலையும் மாலையும் உள்ளங்கையால் நுனிகளை மெதுவாகத் தடவிவிடுவதும் நல்லது. தொடுகையும் காற்றும் தண்டைக் குட்டையாக்கித் தடிப்பிக்கும் என்று தாவரவியலாளர் மார்க் ஜாஃபே 1973இலேயே எழுதிவிட்டார்.

மிளகாயும் கறிமிளகாயும் தக்காளியைப் போலத் தண்டில் சுலபமாக வேர்விடுவதில்லை. அவற்றை முன்பிருந்த ஆழத்தைவிடக் கொஞ்சம்தான் இறக்கி, பக்கத்தில் ஈர்க்குத் துண்டு ஊன்றித் தளர்வாகக் கட்டிவிடுங்கள். நீண்ட தண்டு திரும்பக் குறுகாது. இனி வரும் கணுவிடையைப் பாருங்கள். அது குட்டையாக வந்தால் வைத்த இடம் சரி. பிறகும் நீண்டால் கப்பை இன்னும் வெயில் பக்கம் நகர்த்த வேண்டும்.