91 நாள் தவணை

சம்பளத்தை நம்பி வாழும் நம் போன்ற குடும்பங்களில் மளிகைக் கடைப் பற்று நோட்டை அறியாதவர் இல்லை. முதல் தேதியன்று பாக்கியைத் தீர்த்துவிட வேண்டும். தவறினால் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் அந்தக் கடை நம்முடையதாகவே இருந்து, கேட்டபோதெல்லாம் பற்று எழுதிக்கொண்டே போனால் என்ன ஆகும்? பாரத சர்க்காருக்கும் ரிசர்வ் பாங்கிக்கும் இடையே நாற்பது வருஷத்துக்கு மேல் நடந்த கதை ஏறக்குறைய இதுதான்.

1935-இல் பங்குதாரர்களின் ஸ்தாபனமாகத் தொடங்கிய ரிசர்வ் பாங்கி, 1949 ஜனவரி 1-ந் தேதி தேசத்தின் உடைமையாயிற்று. 1955-இல் ஓர் ஏற்பாடு உண்டாயிற்று. சர்க்கார் கணக்கில் வெள்ளிக்கிழமைதோறும் 50 கோடி ரூபாயாவது இருப்பு இருக்க வேண்டும். குறைந்தால், அதை ஈடு செய்ய 91 நாள் தவணையில் ஓர் உண்டியல் தானாகவே பாங்கியின் பெயருக்கு எழுதப்படும். இதற்கு ‘அட் ஹாக்’ உண்டியல் என்று பெயர். தற்காலிகத் தேவைக்கானது என்பது பொருள்.

தவணை வந்தது, கடனும் தீர்ந்தது. ஆனால் எதைக் கொண்டு? இன்னோர் உண்டியலைக் கொண்டு! 1974 முதல் இதற்கு வட்டி 4.6 சதவிகிதமே. இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் பணத்தை யார்தான் வேண்டாமென்பார்கள்?

இந்தப் பணம் யாரும் சேமித்து வைத்ததல்ல. பாங்கி புதிதாகப் படைத்தது. பண்டம் பெருகாமல் பணம் மட்டும் பெருகினால் விலைவாசி ஏறுகிறது. பெண்ணின் கல்யாணத்துக்கென்று தபாலாபீஸில் சேர்த்த தொகை, எண்ணிக்கையில் குறையாமலே மதிப்பில் தேய்கிறது. பார்லிமெண்டில் விவாதிக்காமலே விதிக்கப்படும் வரி என்று இதைச் சொல்லலாம். ஏழைகளும் பென்ஷன்காரர்களுமே அதை அதிகமாகச் செலுத்துகிறார்கள்.

1994 செப்டம்பரில், ஸ்ரீ மன்மோகன் சிங் நிதி மந்திரியாகவும் ஸ்ரீ ரங்கராஜன் பாங்கியின் கவர்னராகவும் இருந்தபோது, இவ்வழக்கத்தை மூன்று வருஷத்தில் ஒழிப்பதென்று உடன்படிக்கை செய்துகொண்டார்கள். 1997 ஏப்ரல் 1-ந் தேதி அது நின்றது. அதற்குப் பதிலாக ஒரு வரம்புக்கு உட்பட்ட கைமாற்று ஏற்பட்டது. அதை மூன்று மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். வரம்பை மீறிய பற்று, 1999 ஏப்ரல் முதல், தொடர்ந்து 10 வேலை நாட்களுக்கு மேல் நிற்கக் கூடாது. 2003-ஆம் வருஷத்துச் சட்டப்படி, 2006 ஏப்ரலிலிருந்து பாங்கி புதுக் கடன் பத்திரங்களைச் சர்க்காரிடம் நேராக வாங்குவதும் நின்றது. அசாதாரண சமயங்களுக்கு மட்டும் ஒரு வாசல் விடப்பட்டிருக்கிறது.

பழைய பாக்கி என்னவாயிற்று? அதே 4.6 சதவிகித வட்டியில், தீர்வுத் தேதியே குறிக்காத விசேஷப் பத்திரங்களாக மாறியது. 91 நாள் வாக்குறுதி கடைசியில் நாளே இல்லாத வாக்குறுதியாயிற்று!

அந்நியர் ஆண்டபோது கஜானாக் கணக்கை அவர்களிடம் கேட்டோம். இன்று கஜானாவும் நம்முடையது, பாங்கியும் நம்முடையது. பட்ஜெட் வெளியாகும்போது, சர்க்கார் எவ்வளவு கடன் வாங்கிற்று என்பதோடு நின்றுவிடாமல், யாரிடம் வாங்கிற்று, எதைக் கொண்டு தீர்த்தது என்றும் கேட்போமாக. வீட்டுக் கணக்கை ஒழுங்காக எழுதும் நம் பெண்மணிகளுக்கு இது கடினமான கேள்வியே அல்ல.