மோட்டார் சைக்கிள் பாட்டரியின் வரவு செலவு

ஈரோடு வட்டாரத்தில் உள்ள நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கடன் பதிவேட்டை நாம் தணிக்கை செய்துகொண்டிருந்தபோது, ஒரே அங்கத்தினர் பெயரில் பதினொரு மாதங்களுக்குள் இரண்டு சிறு கடன்கள் பதிவாகியிருக்கக் கண்டோம். கடனின் நோக்கம் என்ற பத்தியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் எழுதப்பட்டிருந்தது: பாட்டரி. மூன்றாவது மனு ஒன்றும் மேசைமேல் காத்திருந்தது. அதிலும் அதே சொல். ஒழுங்காக நடத்தினால் மூன்று ஆண்டுகளாவது உழைக்க வேண்டிய பொருளை ஓராண்டுக்குள் மூன்று முறை வாங்குவார் உண்டோ என்ற ஐயம் நமக்கு எழுந்தது. கடன் தொகை வேறு காரியத்துக்குப் போகிறது என்றே முதலில் எண்ணினோம். அவ்விதமே குறிப்பெழுதவும் பேனாவை எடுத்துவிட்டோம். காரியதரிசி, ‘அவரையே ஒரு முறை கேட்டுவிட்டு எழுதுங்களேன்’ என்றார்.

அந்த அன்பர் வந்தார். வண்டியை ஓட்டிக்கொண்டு அல்ல, தள்ளிக்கொண்டு. பின்னிருக்கையில் சங்கத்துக்கு ஒப்படைக்க வேண்டிய போர்வைக் கட்டு இருந்தது. சட்டைப்பையிலிருந்து இரண்டு ரசீதுகளை எடுத்து நீட்டினார். இரண்டாவது பாட்டரி உத்தரவாதக் காலத்திலேயே படுத்துவிட்டதாம். விற்றவரிடம் கொண்டுபோனபோது, ‘குறை பாட்டரியில் இல்லை, வண்டியில் இருக்கிறது’ என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாராம். அவர் சொன்னது உண்மை என்பது அன்று மாலையே தெரிந்தது. ஆனால் வண்டியில் எங்கே என்பதை அவர் சொல்லவில்லை. பழுது பார்த்தவரோ, ‘பாட்டரி போய்விட்டது, புதிதாகப் போடுங்கள்’ என்பதற்கு மேல் எதையும் சோதித்துப் பார்க்கவில்லை. வாரக் கூலியை நம்பி வாழும் ஒரு குடும்பம் இவ்விருவர் பேச்சுக்கும் நடுவே இரண்டு பாட்டரிகளின் விலையை இழந்திருந்தது.

நம் அங்கத்தினர்களில் நூலும் பாவும் துணிக்கட்டும் ஏற்றிச் செல்வோர், மஞ்சளும் காய்கறியும் சந்தைக்குக் கொண்டுபோவோர் எனப் பலருக்கும் இன்று மோட்டார் சைக்கிள் இன்றியமையாததாகிவிட்டது. ஆகவே வண்டி கிளம்பாதபோது குறையைத் தேடும் முறையைச் சற்று விரிவாக எழுதுவது பயன்படும் எனக் கருதுகிறோம். நாம் மெக்கானிக் அல்லோம். ஆயினும் கணக்குப் பார்க்கத் தெரிந்தவருக்கு இந்த வித்தை அவ்வளவு அன்னியமன்று.

பாட்டரியைச் சங்கத்தின் பணப்பெட்டி என்று வைத்துக்கொள்வோம். அதில் மின்சாரம் தானாக விளைவதில்லை. இன்ஜின் ஓடும்போது, அதன் தண்டின் நுனியில் சுழலும் காந்தமும் காயிலும் சேர்ந்து மின்சாரத்தை உண்டாக்குகின்றன. அது திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம். ரெக்டிபயர் என்னும் சிறு பெட்டி அதை ஒரே திசைக்குத் திருப்பி, அளவு மீறாமல் கட்டுப்படுத்திப் பாட்டரிக்கு அனுப்புகிறது. இது வரவு. செல்ப் மோட்டார், ஹார்ன், விளக்கு ஆகியவை செலவு. பெட்டியில் பணமில்லை என்றால் பெட்டியை மாற்றுவோமா, வரவு ஏன் வரவில்லை என்று பார்ப்போமா?

இருப்பை அளக்க மல்டிமீட்டர் என்ற சிறு கருவி போதும். அதை நேர்மின்சாரம் 20 வோல்ட் என்ற அளவில் வைத்து, சிவப்புக் கம்பியைப் பாட்டரியின் கூட்டல் முனையிலும் கறுப்புக் கம்பியைக் கழித்தல் முனையிலும் தொட வேண்டும். காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு முன் பார்ப்பதே சரியான இருப்பு. ஓட்டி நிறுத்தியவுடன் பார்த்தால் மேலாகக் காட்டி ஏமாற்றும். நாம் ‘12 வோல்ட்’ என்று சொல்லும் பாட்டரியில் ஆறு அறைகள் உண்டு. நிறைந்த அறை ஒவ்வொன்றும் 2.1 வோல்ட்டுக்குச் சற்று மேலாகத் தரும். ஆகவே நிறைந்த பாட்டரி 12.6 முதல் 12.8 வரை காட்டும். 12.2 என்றால் ஏறத்தாழப் பாதிதான் உள்ளது. 12.0 என்று கண்டால், பெயருக்குப் பன்னிரண்டு இருக்கிறதே என மகிழ வேண்டாம். கால் பங்குதான் மிச்சம். நன்றாகச் சார்ஜ் ஏற்றிய பிறகும் 10.5 அளவிலேயே நின்றால் ஓர் அறை செத்துவிட்டது என்று பொருள். அப்போதுதான் புதிய பாட்டரி வாங்குவது நியாயம்.

இருப்பு மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடலாகாது. செல்ப் மோட்டார் சில நொடிகளில் பல பத்து ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கும். இவ்வண்டியில் அதனினும் பெருஞ்செலவு வேறில்லை. 1914-இல் அமெரிக்காவின் இந்தியன் கம்பெனி முதன்முதலாக மின்சாரத்தால் கிளம்பும் மோட்டார் சைக்கிளை வெளியிட்டு, அக்காலத்துப் பாட்டரிகள் அந்தப் பாரத்தைத் தாங்காமையால் விரைவிலேயே அதைக் கைவிட்டது. ஆகவே மீட்டரை முனைகளில் வைத்தபடியே மற்றொருவரைப் பொத்தானை அழுத்தச் சொல்ல வேண்டும். அளவு ஏறத்தாழ 9.5-க்குக் கீழே சரிந்தால் பாட்டரி நலிந்துள்ளது. அளவு 12-ஐ விட்டு அசையாமலும் மோட்டார் சுற்றாமலும் இருந்தால், பாட்டரி பணம் கொடுக்கத் தயாராயிருந்தும் வாங்க ஆள் வரவில்லை என்று பொருள். குறை ரிலேயிலோ, கம்பியிலோ, மோட்டாரிலோ தேடத்தக்கது.

மீட்டர் கையில் இல்லாதபோது காதும் கண்ணும் உண்டு. பொத்தானை அழுத்தியதும் ‘டிக் டிக் டிக்’ என்று விரைவாகத் தட்டும் ஒலி கேட்டால், பெரும்பாலும் இருப்புக் குறைவு அல்லது முனைகளில் தளர்ச்சி. ரிலே மூடுகிறது, மோட்டார் மின்சாரத்தை இழுக்கிறது, இழுத்தவுடன் வோல்ட் சரிகிறது, சரிந்ததும் ரிலே விட்டுவிடுகிறது, விட்டதும் வோல்ட் மீள்கிறது, ரிலே மறுபடி மூடுகிறது. இந்த இழுபறிதான் அந்த ஒலி. ஒரே ஒரு ‘டக்’ என்று கேட்டு அடங்கினால் ரிலேயின் உட்பகுதி கருகியிருக்கலாம், அல்லது மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். நியூட்ரல் விளக்கே எரியவில்லையானால் முதலில் பியூசையும் பாட்டரி முனைகளையும் பார்க்க வேண்டும். விளக்கு நன்றாக எரிந்தும் பொத்தானுக்கு ஒரு சத்தமும் இல்லையென்றால், கைப்பிடியிலுள்ள சிவப்பு ஸ்விட்ச் அணைந்திருக்கிறதா, ஸ்டாண்டு இறங்கியிருக்கிறதா, கிளச்சைப் பிடித்தோமா என்று பார்த்துவிட்டுப் பிறகு மெக்கானிக்கைத் தேடலாம். சிவப்பு ஸ்விட்சைக் குழந்தை அழுத்திவிட்டுப் போனதை அறியாமல் இரண்டு மைல் வண்டியைத் தள்ளியவர்களை நாம் அறிவோம். அவர்களுள் ஒருவர் இக்கட்டுரை எழுதுபவர்.

மோட்டார் வேகமாகச் சுற்றியும் இன்ஜின் அசையவில்லையென்றால் அது மின்சாரக் குறையன்று. இன்ஜின் நன்றாகச் சுற்றியும் பற்றவில்லையென்றால் பெட்ரோலையும் ஸ்பார்க் பிளக்கையும் பார்க்க வேண்டும். பாட்டரியை அதன் போக்கில் விட்டுவிடலாம்.

முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்துக் கிடக்கும் பொடி பலருடைய கண்ணில் படுவதில்லை. அது மின்சாரத்துக்குத் தடை. ஹார்னுக்குப் போதுமான சிறு மின்சாரம் அதைத் தாண்டிவிடும், செல்ப் மோட்டாருக்கு வேண்டிய பெருமின்சாரம் தாண்டாது. ஆகையால், ‘ஹார்ன் நன்றாக அடிக்கிறதே’ என்ற வாதம் எடுபடாது. கழித்தல் முனையை முதலில் கழற்றி, வெந்நீரில் ஆப்ப சோடா கலந்து தேய்த்து, உலர்த்தி, இறுக்கமாகப் பூட்டி, மேலே சிறிது வாசலின் தடவினால் போதும். பூட்டும்போது கழித்தல் முனை கடைசி. வரிசையை மாற்றினால் ஸ்பேனர் வண்டியின் உடலில் பட்டுப் பொறி பறக்கும். பாட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் வாயு தீப்பற்றக் கூடியது.

நெசவாளர்களுக்குத் தனியே ஒன்று சொல்ல வேண்டும். திரவம் ஊற்றும் வகைப் பாட்டரியைக் கழற்றித் தறிக்குழி அருகிலோ, நெய்த துணி அடுக்கிய திண்ணையிலோ வைக்கவே கூடாது. அதிலுள்ள கந்தக அமிலத்தின் ஒரு துளி பருத்தித் துணியில் பட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. துவைத்த பிறகு அவ்விடம் பொத்துப் போகும். ஒப்படைத்த சரக்கு திரும்பி வரும்போது காரணம் யாருக்கும் விளங்காது. அந்த வகைப் பாட்டரியில் மட்டம் குறைந்தால் ஊற்ற வேண்டியது டிஸ்டில்ட் வாட்டர் ஒன்றே. குழாய் நீரும் கூடாது, அமிலமும் கூடாது. மூடி முத்திரையிட்ட வகையைத் திறக்கவே வேண்டாம்.

இனி அந்த அன்பரின் வண்டிக்கு வருவோம். சங்கத்துக்கு மின்வேலை செய்யும் இளைஞர் ஒருவரிடம் மீட்டர் இருந்தது. காலை இருப்பு 11.8. காரியதரிசியின் வண்டிப் பாட்டரியைப் பூட்டிக் கிளப்பினோம். இன்ஜின் ஓடுகையில், வேகத்தைச் சற்று உயர்த்தினால் பாட்டரி முனைகளில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காண வேண்டும். கண்டதோ 12.3, அதுவும் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. வரவே இல்லை! புதிய பாட்டரி ஒவ்வொன்றும் கடையில் ஏற்றிக் கொடுத்த முதலைக்கொண்டு சில நாள் ஓடி, கடையில் மறுமுறை சார்ஜ் ஏற்றி, மீண்டும் இறங்கி, இப்படியே அழிந்திருக்கிறது. இறங்கிய நிலையிலேயே கிடக்கும் பாட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். பிறகு சார்ஜ் ஏற்றினாலும் ஏறாது. இரண்டு பாட்டரிகளும் இறந்தது இவ்விதமே.

பக்கவாட்டு மூடியைக் கழற்றி, காயிலிலிருந்து ரெக்டிபயருக்குப் போகும் மூன்று மஞ்சள் ஒயர்களைப் பின்தொடர்ந்தோம். இரண்டையும் இணைக்கும் பிளாஸ்டிக் கப்ளர் ஒரு பக்கம் உருகிக் கறுத்திருந்தது. அதை அகற்றிவிட்டு மூன்று ஒயர்களையும் இரண்டிரண்டாக அளந்தபோது மூன்று அளவுகளும் சமமாகவே இருந்தன. ஒயர் எதுவும் வண்டியின் உடலோடு தொடர்புகொண்டிருக்கவில்லை. காயில் நலம். புதிய கப்ளர் பூட்டியதும் மீட்டர் 14.1 காட்டியது. கப்ளரின் விலை ஒரு வேளைச் சிற்றுண்டிச் செலவுக்கு மேலில்லை.

அளவு 15-ஐத் தாண்டியிருந்தால் அதுவும் நோயே. ரெக்டிபயர் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது என்று பொருள். பாட்டரி நீர் வற்றும், பல்புகள் அடிக்கடி போகும்.

வரவு சரியாயிருந்தும் இருப்புத் தேய்ந்தால் கசிவைத் தேட வேண்டும். சாவியை அணைத்த பின் வண்டி ஓரிரு மில்லி ஆம்பியர் எடுப்பது இயல்பு. பிற்பாடு பூட்டிய அலங்கார விளக்கோ திருட்டு எச்சரிக்கைக் கருவியோ 50 மில்லி ஆம்பியர் குடித்தால், 5 ஆம்பியர் மணிக் கொள்ளளவுள்ள பாட்டரி நூறு மணி நேரத்தில், அதாவது நாலே நாளில், காலியாகும். மற்றொரு கசிவு நம் பழக்கத்தில் உள்ளது. வீட்டுக்கும் கடைக்கும் அரை மைல் தூரத்தில் நாளைக்குப் பத்து முறை செல்ப் போட்டு ஓட்டினால், ஒவ்வொரு கிளப்பலுக்கும் எடுத்த கடனை அந்தச் சிறு ஓட்டம் அடைப்பதில்லை. 2017 ஏப்ரல் முதல் விற்பனையான புதிய வண்டிகளில் இன்ஜின் ஓடும்வரை முன்விளக்கும் எரிந்துகொண்டே இருப்பதால் வரவில் ஒரு பங்கு அதற்கும் போகிறது. கிக்கர் உள்ள வண்டியில் காலை முதல் கிளப்பலைக் காலால் செய்வது நல்லது. பழைய புல்லட் வண்டிகளில் வரவையும் செலவையும் முள் அசைந்து காட்டும் ஆம்பியர் மீட்டர் ஒன்று இருந்தது. அது போய்விட்டதில் நமக்கு வருத்தமே.

பழைய வண்டிகளில் சிலர் கையாண்ட ஒரு சோதனையை இன்று செய்யலாகாது. இன்ஜின் ஓடும்போதே பாட்டரிக் கம்பியைக் கழற்றி, நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்ப்பது அது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி செய்யப்பட்ட வண்டிகளுள் பெரும்பாலானவற்றில் பெட்ரோலை அளந்து செலுத்துவதே ஒரு மின்னணுப் பெட்டிதான். பாட்டரி விலகியவுடன் வோல்ட் எகிறி அப்பெட்டியைப் பாழாக்கக்கூடும். அதன் விலைக்குப் பல பாட்டரிகள் வாங்கலாம். அத்தகைய வண்டி, பாட்டரி முற்றிலும் தீர்ந்திருந்தால் தள்ளினாலும் கிளம்பாது. பெட்ரோல் பம்புக்கே மின்சாரம் வேண்டும். கார் பாட்டரியிலிருந்து கம்பி கொடுத்துக் கிளப்ப நேர்ந்தால் காரின் இன்ஜின் நின்றிருக்க வேண்டும். வெளியே சார்ஜ் ஏற்றும்போது கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர், அதாவது 5 ஆம்பியர் மணிப் பாட்டரிக்கு அரை ஆம்பியர், என்ற அளவில் மெல்ல ஏற்றுவது முறை.

அன்று மாலை அந்த அன்பர் தம் மூன்றாவது கடன் மனுவைத் திரும்பப் பெற விரும்பினார். நாம் அதற்கு உடன்படவில்லை. பழைய பாட்டரி உண்மையிலேயே செத்திருந்ததால் இந்த முறை அவருக்குப் புதியது தேவைதான். நாம் எழுதத் தொடங்கியிருந்த குறிப்பைக் கிழித்துவிட்டு, கடன் நோக்கம் சரியே எனப் பதிவேட்டில் கையொப்பமிட்டோம். அடுத்த மாதக் கூட்டத்தில் சங்கத்துக்கென ஒரு மல்டிமீட்டர் வாங்க நிர்வாகக் குழு தீர்மானித்தது. அது இப்போது சரக்கு இருப்புப் பதிவேட்டில் ஏறி, காரியதரிசியின் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அங்கத்தினர் எவரும் கையெழுத்திட்டு எடுத்துச் செல்லலாம், மாலைக்குள் திருப்பித் தர வேண்டும்.