கொல்லைக் கொட்டகைக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறீர்களா?

கொல்லைப்புறத்தில் கவனிப்பாரற்றுக் கிடக்கும் தகரக் கொட்டகையை ஐப்பசி மழைக்கு முன்பே சீர்செய்துவிடுவது நல்லது. ஆனால், எடுத்த எடுப்பில் பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள்.

முதலில் உள்ளே இருக்கும் சாமான்களைக் கம்பால் நகர்த்திப் பாருங்கள். தேளோ பாம்போ பதுங்கியிருக்கலாம்.

அடுத்து கூரை. அது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் சுரண்டவோ, துளையிடவோ, உடைக்கவோ வேண்டாம். அதிலிருந்து பறக்கும் நுண்ணிய இழைகளைச் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய்கூட வரலாம்.

பழைய பெயின்ட்டிலும் ஆபத்து உண்டு. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி, இந்தியாவில் 2017-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்ட்டில் ஈயம் அதிகம் இருக்கலாம். ஈயத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அதனால் குழந்தைகளைத் தள்ளியே வைத்துவிட்டு, என்95 மாஸ்க் அணிந்து, தண்ணீர் தெளித்து வாட்டர்ப்ரூஃப் உப்புத்தாளால் தேயுங்கள். உதிர்ந்ததைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

துரு முழுவதும் போனதும், ஈரமில்லாமல் உலரவிட்டு ஓட்டைகளை அடையுங்கள். பிறகு ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட்டும், அது காய்ந்தபின் எனாமல் பெயின்ட் இரண்டு கோட்டும் அடியுங்கள். துருவின் மேலேயே பூசிய பெயின்ட் எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் சீக்கிரமே உரிந்துவிடும்.